அலர் விற்பவர்கள்

எங்கள் பக்கத்தில் தபால்காரர்தான் கடிதத்தைப் படித்துக் காட்டுவார். நரிக்குடியைச் சுற்றியுள்ள மானாவாரிக் கிராமங்களிலிருந்து ஆண்கள் அரபு நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போயிருந்த காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, காக்கிச்சட்டைக்காரர் வாய் வழியாகப் புருஷன் சொற்களைக் கேட்டார்கள். எந்த வீட்டுக்குப் பணம் வருகிறது, எந்த வீட்டுக்கு நின்றுபோனது, எவளை அவன் திட்டியிருக்கிறான், எவளைக் கொஞ்சியிருக்கிறான் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் படித்தது அவள் கேட்டதால். அவள் எதிரில், வாய்விட்டுப் படித்தார். டீக்கடையில் அதில் ஒரு சொல் சிந்தினால் மறுநாள் அந்தத் தெருவுக்குள் அவர் சைக்கிள் நுழைய முடியாது.

ஊர் சும்மா இருந்தாலும் சட்டம் சும்மா இருக்காது. வெள்ளைக்காரன் போட்ட 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரிக்கும் அஞ்சல் ஊழியருக்கு 2 ஆண்டு வரை சிறை என்றது. 1885-இன் தந்திச் சட்டம் இன்னும் கடுமை: செய்தியின் உள்ளடக்கத்தை முறைகேடாக வெளியே சொல்லும் தந்தி ஊழியருக்கு 26-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை. நம் கடிதங்களைத் தானே பிரித்துப் படிக்கும் அதிகாரத்தை அந்த அரசு தனக்கென்று வைத்துக்கொண்டது உண்மைதான். ஆனாலும் தூது கொண்டுபோகிறவன் தூதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தினால் அது குற்றம் என்ற அடிப்படை அறிவு அதற்கு இருந்தது.

சுதந்திர இந்தியா 2023-இல் புதிய அஞ்சலகச் சட்டம் இயற்றியது. 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் கடிதத்தைப் பிரிக்கும் ஊழியருக்கென்று தண்டனைப் பிரிவு ஒன்றுமே இல்லை. கடிதம் எழுதுகிறவர்களே இல்லாத காலத்தில் இதற்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்கலாம். நான் அழுவது கடிதத்துக்காக அல்ல. தூதுவன் படிக்கக் கூடாது என்ற எண்ணமே சட்டப் புத்தகத்திலிருந்து எப்படி மெல்லக் கரைகிறது என்பதற்கு இது ஒரு சான்று. இன்று நம் தூதுவர்கள் ஏர்டெல்லும் ஜியோவும் வோடபோன் ஐடியாவும் பி.எஸ்.என்.எல்.லும். அவர்கள் பார்க்கிறார்கள், எண்ணுகிறார்கள், வகை பிரிக்கிறார்கள். அந்த வகைகளை முன்வைத்து விளம்பரம் விற்பதை ஒரு தொழிலாகவே அறிவித்திருக்கிறார்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் ஏர்டெல் நிறுவனம் 'ஏர்டெல் ஆட்ஸ்' என்ற விளம்பரத் தொழிலைத் தொடங்கியபோது, தன் 32 கோடி வாடிக்கையாளர்களையே அதன் பலமாகச் சொன்னது. எல்லாம் சம்மதத்தின் பேரில்தான் நடக்கும் என்றும் சொன்னது. 2022-இல் 'வி ஆட்ஸ்' வந்தது. ஜியோவுக்கும் அதே பெயர் முறையில் ஒன்று உண்டு. கூகுளும் முகநூலும் நம்மைப் பின்தொடர்வதைப் பற்றிப் பேசும்போது, இலவசமாகக் கொடுக்கிறார்கள், நம்மை விற்றுப் பிழைக்கிறார்கள் என்று ஒரு சமாதானம் சொல்வோம். இங்கே அதுவும் இல்லை. நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. முணுமுணுத்துக்கொண்டே அதையும் கட்டினோம். பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறு என்பது சென்னைக்காரர்களின் அறிவுரை. நரிக்குடிக்குக் கிழக்கே போனால் எந்த டவர் எடுக்கிறதோ அதுதான் கம்பெனி.

அவர்களுக்கு அப்படி என்ன தெரியும்? ஒரு காலத்தில் எல்லாமே தெரிந்தது. 2015 ஜூன் மாதத்தில் பெங்களூரைச் சேர்ந்த தேஜேஷ் ஜி.என். என்ற நிரலாளர், ஏர்டெல் 3ஜி இணைப்பில் பார்க்கும் பக்கங்களில், அந்தப் பக்கத்தை எழுதியவர் எழுதாத நிரல் ஒன்று நடுவழியில் செருகப்படுவதைக் கண்டுபிடித்துப் பொதுவெளியில் வைத்தார். நிரல் இஸ்ரேலைச் சேர்ந்த ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனத்துடையது. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்று அவருக்கே தெரியப்படுத்தும் ஏற்பாடு அது என்றது ஏர்டெல். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. வக்கீல் நோட்டீஸ் போனது ஏர்டெல்லுக்கு அல்ல, கண்டுபிடித்தவருக்கு. எங்கள் நிரலை வெளியிட்டுக் காப்புரிமையை மீறிவிட்டாய் என்று அந்த இஸ்ரேல் நிறுவனம் அனுப்பியது. வீட்டுக்குள் நுழைந்தவனின் செருப்பைப் படம் எடுத்துக் காட்டியதற்கு, செருப்பு என்னுடையது, படத்தை எடு என்று கேட்ட கதை. (அந்த நோட்டீஸோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்று ஏர்டெல் சொல்லிவிட்டது.) அரசு நிறுவனம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். திறக்கும் பக்கங்களில் விளம்பரம் தானாக நுழைகிறது என்று பி.எஸ்.என்.எல். அகலக்கற்றைக்காரர்களும் பல காலம் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் செருகல் பின்னர் பெரும்பாலும் குறைந்தது. குறைத்தது ஒழுங்குமுறை ஆணையம் அல்ல. இணையதளங்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட பூட்டு அது. முகவரிக்கு முன்னால் சின்னப் பூட்டுப் படம் தெரியுமே, அது. இன்று பெரும்பாலான பக்கங்கள் பூட்டப்பட்டவை. அதனால் நீங்கள் உள்ளே என்ன படித்தீர்கள் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. எந்த வீட்டுக் கதவைத் தட்டினீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் இருந்தீர்கள், அப்போது எந்த டவருக்குக் கீழே நின்றீர்கள் என்பவை தெரியும். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடிக் கொடுக்கும் முகவரிப் புத்தகமும் வழக்கமாக அவர்கள் கையில்தான் இருக்கிறது.

தொழில்நுட்பம் அறிந்த ஆண் நண்பர்கள் இந்த இடத்தில் நிம்மதியாகி விடுகிறார்கள். உள்ளடக்கம் தெரியாதே, தளத்தின் பெயர் மட்டும்தானே என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு உள்ளடக்கம் என்றைக்குத் தேவைப்பட்டது? அவள் எந்த பஸ்ஸில் ஏறினாள், எந்த நிறுத்தத்தில் இறங்கினாள், திரும்பி வர எத்தனை மணி ஆயிற்று என்ற மூன்றும் போதும். மீதியை ஊர் எழுதிக்கொள்ளும். ராத்திரி 11 மணிக்கு மில் வேன் இறக்கிவிட்ட பிறகு ஒரு பெண் கருத்தடை பற்றிய தளத்தையும், மறுநாள் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் தளத்தையும், அதற்கடுத்த நாள் குடும்ப நீதிமன்றத்தின் தளத்தையும் திறந்தாள் என்றால் உள்ளே என்ன படித்தாள் என்று யாராவது சொல்ல வேண்டுமா?

சங்க இலக்கியம் நடத்துகிற எனக்கு இதற்குப் பழைய சொற்கள் இரண்டு கைவசம் இருக்கின்றன. வாய்க்குள் முணுமுணுப்பாக இருக்கும் வரை அம்பல். ஊர் அறியப் பேசப்பட்டால் அலர். அகப்பாடல்களின் தலைவி பசலைக்குப் பயந்ததைவிட அலருக்குப் பயந்தது அதிகம். இன்னொன்றும் உண்டு. அகப்பாடலில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் வந்துவிட்டால் அது அகம் அல்ல, புறம். ஒருத்தியின் மனத்துக்குள் நடப்பதைப் பாடலாம், ஆனால் அவள் யார் என்று காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இதை நான் வகுப்பில் விளக்குவேன். விளம்பரக் கம்பெனிகள் இந்த விதியைக் கரைத்துக் குடித்தவர்கள்போலப் பேசுகிறார்கள். நாங்கள் பெயரைக் கொடுப்பதில்லை, வகையைத்தான் கொடுக்கிறோம் என்கிறார்கள். இருபது முதல் முப்பது வயதுப் பெண், கடன் தேடுகிறவள், குழந்தை எதிர்பார்ப்பவள், ஊர் இன்னது. கேட்பதற்குத் திணை, துறை, கூற்று வகுத்ததுபோலவே இருக்கும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அங்குள்ள 6 பெரிய இணையச் சேவை நிறுவனங்களை ஆராய்ந்து 2021 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. இனம், பாலியல் சார்பு போன்றவற்றின் அடிப்படையில்கூடச் சில நிறுவனங்கள் மக்களைக் கூறுகட்டி விளம்பரதாரர்களுக்கு முன் வைத்தன என்று அதில் இருக்கிறது. அகத்துறை வகுத்த புலவன் தலைவியைக் காப்பாற்ற வகுத்தான். இவர்கள் அவளைச் சுலபமாகக் கண்டுபிடிப்பதற்காக வகுக்கிறார்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் விளம்பரம் ஒரு கதவைத் தட்டியாக வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது தனியாள் என்று நினைத்துக்கொள்வதில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. எங்கள் வீடுகளில் தனியாள் எங்கே? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் தான் பயன்படுத்தத் தனக்கென்று கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம். ஒரு தடவையாவது இணையத்தைத் தொட்ட பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57. சிம் அண்ணன் பேரில் இருக்கும். கைபேசி அம்மாவுடையதாக இருக்கும். ரீசார்ஜ் போடுவது அப்பா. எல்லா 'சரி'யையும் அமுக்குவது ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பி, அவனுக்குத்தான் அதெல்லாம் தெரியும்.

என் மாணவி ஒருத்தி. நரிக்குடிப் பக்கத்துக் கிராமம், குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவள். மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. காரணம் நீர்க்கட்டி என்று பிற்பாடு அருப்புக்கோட்டையில் காட்டியபோது தெரிந்தது. அதற்கு முன் பயத்தில் இரவெல்லாம் கைபேசியில் தேடியிருக்கிறாள். வீட்டில் ஒரே வைஃபை. நான்கைந்து நாளில் வீட்டுக் கைபேசிகளில் கர்ப்பப் பரிசோதனை விளம்பரம் வர ஆரம்பித்தது. அண்ணன் கேட்டான், யார் இதைப் பார்த்தது என்று. அம்மா கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். ஒரு வாரம் கல்லூரிக்கு அனுப்பவில்லை. திரும்பி வந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "யாரும்மா சொன்னது? நான் யாருகிட்டயும் சொல்லலயே."

யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. தேடுபொறியாக இருக்கலாம், ஏதோ ஒரு செயலியாக இருக்கலாம், அவள் திறந்த தளமே விற்றிருக்கலாம், இணைப்புக் கொடுத்த கம்பெனியாக இருக்கலாம். நான் எந்தக் கம்பெனியையும் குற்றம் சாட்டவில்லை, சாட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரத்தைத் தேடிக் கொண்டுவருவது இருபது வயதுப் பெண்ணின் வேலை என்று வைத்திருக்கிறோமே, என் சண்டை அதனோடு.

கடைக்காரர் விஷயத்தில் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ரீசார்ஜ் கடைகளில் பெண்கள் கொடுக்கும் எண்களைக் குறித்துவைத்து ஆண்களுக்கு விற்றிருக்கிறார்கள். சாதாரணமாக இருந்தால் 50 ரூபாய், அழகி என்றால் 500. நாடே கொதித்தது, சரிதான். அடுத்த ஆண்டு வோடபோன் நிறுவனம் 'சகி' என்ற பெயரில் பெண்கள் கடையில் தங்கள் எண்ணைச் சொல்லாமலே ரீசார்ஜ் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆக, ஒரு பெண்ணைப் பற்றிய துண்டுத் தகவல் தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பது கம்பெனிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, தப்பான கை பெட்டிக்கடைக்காரனுடையதாக இருக்கும்போது.

இதையெல்லாம் கவனிக்க வேண்டிய ட்ராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் என்ன செய்துகொண்டிருந்தது? 2018 ஜூலை 16 அன்று தொலைத்தொடர்புத் துறையில் தனியுரிமை பற்றிப் பரிந்துரைகள் வெளியிட்டது. நல்ல பரிந்துரைகள், வஞ்சனை இல்லாமல் சொல்கிறேன். தகவல் அந்தந்தப் பயனருக்குச் சொந்தம், வைத்திருக்கும் நிறுவனம் வெறும் காவலாள்தான், இப்போதுள்ள பாதுகாப்புப் போதாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பரிந்துரை என்பது பரிந்துரைதான். அரசுக்கு அனுப்பினார்கள், பொதுச் சட்டம் வரப்போகிறது, பார்க்கலாம் என்று அரசு வைத்துக்கொண்டது. அதே ட்ராய் 1909 என்ற எண்ணை வைத்திருக்கிறது, வேண்டாத அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் நிறுத்த. அதற்கு 2010-இல் ஒழுங்குமுறை, 2018-இல் புதிய ஒழுங்குமுறை, 2025-இல் திருத்தம். காதில் விழும் தொல்லைக்கு விதி மேல் விதி வருகிறது. சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு ஒரு பரிந்துரை.

அதிகாரம் கையில் இருந்து, அதைப் பயன்படுத்த மனமும் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 2017-இல் சிம்மோடு ஆதாரை இணைக்க ரேகை வைத்த ஏர்டெல் வாடிக்கையாளர்கள் பலருக்கு, அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குக்குப் போனது. எங்கே போனது என்று தெரியாமல் ஜனங்கள் வங்கி வங்கியாக அலைந்தார்கள். எரிவாயு மானியம் நின்றால் அதன் சூடு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. உஜ்வலா இணைப்பு கொடுக்கப்படுவதே பெண் பெயரில்தான். அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் ஏர்டெல்லின் ஆதார்வழிச் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. கம்பெனி இறங்கி வந்தது, பணத்தைத் திருப்புவதாகச் சொன்னது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆதார் ஆணையம் மக்களின் அந்தரங்கத்துக்குக் காவல் தெய்வம் என்று நான் சொல்ல வரவில்லை. உரிமத்தில் கை வைத்தால் கம்பெனி கேட்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அங்கே எந்தப் பெண்ணும் நிரல் படித்து நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

வெளிநாட்டில் ஒழுங்காக நடக்கிறது என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. பிரிட்டனில் பி.டி. நிறுவனம் 2006-இலும் 2007-இலும் ஃபார்ம் என்ற கம்பெனியின் கருவியை வைத்துத் தன் வாடிக்கையாளர்கள் பல ஆயிரம் பேரின் இணைய உலாவலை விளம்பரத்துக்காக ரகசியமாகப் பரிசோதித்தது. அங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகம் நடவடிக்கை எடுக்கவில்லை. லண்டன் நகரப் போலீஸ் விசாரணையைக் கைவிட்டது. 2011-இல் அரசு வழக்குத் துறையும் வழக்குப் போட மறுத்தது. கடைசியில் ஐரோப்பிய ஆணையம் பிரிட்டன் அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்த பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள். அமெரிக்காவில் வெரைசான் தன் வாடிக்கையாளர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அழிக்க முடியாத அடையாளக் குறி ஒன்றைச் செருகிவந்தது. 2016-இல் அபராதம் 13.5 லட்சம் டாலர். அந்தக் கம்பெனிக்கு அது டீச் செலவு. அதே ஆண்டு அங்கே இணைய நிறுவனங்களுக்கென்று தனியுரிமை விதிகள் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே அவற்றை நாடாளுமன்றம் ரத்து செய்ய, டிரம்ப் கையெழுத்துப் போட்டார்.

நம் பொதுச் சட்டத்துக்கு வருகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2023 ஆகஸ்டில். விதிகள் வந்தது 2025 நவம்பரில். சம்மதம் கேட்பது உள்ளிட்ட முக்கியக் கடமைகளுக்கு அங்கிருந்து இன்னும் 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைக் குறுக்கும் பகுதிக்கு மட்டும் அவகாசம் தேவைப்படவில்லை. விதிகளோடு சேர்ந்து உடனே அமலுக்கு வந்துவிட்டது. அரசை நாம் கேள்வி கேட்பதைத் தடுக்க அவசரம், கம்பெனி நம்மைப் பார்ப்பதைத் தடுக்க நிதானம்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவில், அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது. குறுகலான வழிதான், ஆனால் இருந்தது. புதிய சட்டம் முழுதாக நடப்புக்கு வரும்போது அது நீக்கப்படும். இனி அபராதம் மட்டும்தான். அது போய்ச்சேரும் இடம் அரசின் தொகுப்பு நிதி. பாதிக்கப்பட்டவளுக்கு ஒரு ரூபாய் கிடையாது. மாறாக அவளுக்குக் கடமைகள் விதித்திருக்கிறார்கள். பொய்யான, அற்பமான புகார் கொடுக்கக் கூடாது. மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். எது அற்பம் என்று முடிவு செய்யப்போகும் வாரியத்தை நியமிப்பது நடுவண் அரசு. கர்ப்பப் பரிசோதனை விளம்பரம் வந்ததால் ஒரு வாரம் வீட்டில் அடைத்தார்கள் என்ற புகார் அற்பமா இல்லையா? எனக்குப் பதில் தெரியும். வாரியத்தின் பதில் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கும்போதே அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தின் அச்சாணி சம்மதம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கும் உரிமையும் அதில் உண்டு. நல்ல உரிமை. ஆனால் கம்பெனியின் கணக்கில் வாடிக்கையாளர் யார்? சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர். சம்மதம் கொடுக்கிறவரும் அவர்தான், விவரம் கேட்கிறவரும் அவர்தான். மனைவி எந்தத் தளத்துக்குப் போனாள் என்ற சந்தேகத்தில் வேகும் ஒரு புருஷன், என் எண்ணைப் பற்றிய விவரத்தைக் கொடு என்று சட்டப்படியே எழுதிக் கேட்கலாம் என்ற நிலைக்கு இது நம்மைக் கொண்டுபோய் விடும். கம்பெனி சேர்த்து வைக்கவில்லை என்றால் அவன் கேட்டும் பயனில்லை. சேர்த்து வைத்திருப்பதுதான் ஆபத்து. யார் கையில் கொடுக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு வரும் ஆபத்து.

பெண் இயக்கத்துத் தோழிகள் சிலருக்கு அந்தரங்கம் என்ற சொல்லின் மீதே சந்தேகம் உண்டு. எனக்கும் இருந்தது. அடிப்பதும் உதைப்பதும் வீட்டு விவகாரம் என்று சொல்லிச் சொல்லியே கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவை உடைக்கத்தானே பல பத்தாண்டுகள் போராடினோம், இப்போது நாமே அந்தரங்கம் கேட்பதா என்பார்கள். புட்டசாமி தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இந்தப் பெண்ணியக் கேள்வியை எடுத்துப் பேசியிருக்கிறார். ஆணாதிக்கத்தை மூடும் திரையாக அந்தரங்கம் ஆகிவிடக் கூடாது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். நாம் உடைத்தது குடும்பத்தின் அந்தரங்கத்தை. கேட்பது அந்தக் குடும்பத்துக்குள் இருக்கும் ஒருத்தியின் அந்தரங்கத்தை. கூட்டுக்குடும்பத்தில், ஒற்றை அறை வீட்டில், தாழ்ப்பாள் இல்லாத குளியல் மறைப்பில் வளர்ந்தவளுக்கு ராத்திரி 11 மணிக் கைபேசித் திரைதான் முதல் தனி அறை. அதற்கு ஜன்னல் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள்.

வெறும் விளம்பரம்தானே, என்ன குடி முழுகிவிடும் என்பவர்களுக்கு: எங்கள் பக்கத்து மகளிர் குழுப் பெண்களைக் கேளுங்கள். ஒரு தவணையை அடைக்க இன்னொரு கடன் தேடும் பெண்ணுக்கு, அவள் தேடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், ஐந்து நிமிடத்தில் பணம் என்று ஒரு விளம்பரம் வந்து நிற்பது உதவி அல்ல. சேலைக் கடை விளம்பரத்தை எல்லாருக்கும் காட்டலாம். முடையில் இருப்பவளைப் பார்த்துத்தான் கடன் விளம்பரம் காட்ட வேண்டும், அப்போதுதான் லாபம். அவள் முடையில் இருக்கிறாள் என்பதுதான் இங்கே விற்கப்படும் சரக்கு.

சம்மதம் கேட்டால் போதும் என்ற வாதத்தைப் புதிய சட்டமே ஓரிடத்தில் கைவிடுகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்று 9-ஆவது பிரிவு நேரடியாகத் தடுக்கிறது. (அதே பிரிவு 17 வயதுப் பெண் எதைத் திறக்கவும் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் ஊரில் பெற்றோர் என்றால் அப்பா. அவர் எதற்குச் சம்மதிப்பார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) கூடாது என்று எழுதத் தெரிந்தவர்கள்தான். இணைப்புக் கொடுக்கும் கம்பெனி, இணைப்புக் கொடுப்பதற்காகத் தெரிந்துகொண்ட எதையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது என்று எழுத என்ன தடை? எழுதுவதோடு நிற்காமல், புகார் வருமென்று காத்திருக்காமல், ஆண்டுக்கொரு முறை அவர்கள் கணினிகளைப் போய்த் திறந்து பார்க்க வேண்டும். தராசுக்கு முத்திரை வைக்க ஆள் போகிறாரே, அதுபோல.

புகார் வழி எப்படிப்பட்டது என்று நானே ஒரு தரம் நடந்து பார்த்தேன். என் எண்ணைப் பற்றி விளம்பரத்துக்காக என்னென்ன குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று என் இணைப்புக் கம்பெனிக்குத் தமிழில் எழுதினேன். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. மூன்றாம் நாள் ஒரு பையன் கூப்பிட்டு, "மேடம், நெட் ஸ்லோவா இருக்கா?" என்றான். இல்லை தம்பி, நெட் நன்றாக இருக்கிறது, என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. செட் டாப் பாக்ஸ் வேண்டுமா என்று கேட்டான். சாயங்காலம் உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று செய்தி வந்தது. மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். வாடிக்கையாளர் அந்தரங்கத்தை நிறுவனம் உயிராக மதிக்கிறது என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அப்படி ஒரு கேள்வி வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் அப்படிக் கேட்க வேண்டிய ஆணையம் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வேண்டும், நாடாளுமன்றம் கூட வேண்டும், 2027 மே வரை பொறுத்திருங்கள் என்பார்கள். வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கும் ஒருங்கிணைந்த உரிமத்தில் 37-ஆவது பிரிவு ஏற்கெனவே வாடிக்கையாளரின் தகவல் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. சேவைக்குத் தேவையானதற்கு மேல் எதையும் துருவக் கூடாது என்கிறது. அதை விளம்பரத்துக்குப் பொருத்தி ஒரு வரி சேர்த்தால் போதும். உரிம நிபந்தனைகளை மாற்றும் அதிகாரம் தொலைத்தொடர்புத் துறைக்கு உண்டு. 2021 டிசம்பரில் மாற்றியும் இருக்கிறார்கள். நம் அழைப்பு விவரங்களையும் இணையப் பயன்பாட்டுப் பதிவுகளையும் கம்பெனிகள் ஓராண்டு வைத்திருந்தது போதாது, 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று. அதற்கு நாடாளுமன்றம் கூடவில்லை. துறையிலிருந்து ஒரு கடிதம் போனது, அவ்வளவுதான்.